வேனுக்குள் ஒரு சீட்டுக் கச்சேரி

முதலில் ஒரு ரகசியத்தை உடைத்துவிடுகிறேன், வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. பட்டிமன்ற மேடையில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் என்று உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்களே, அந்த ஆறு பேரும் ஒரே வேனில்தான் வருகிறார்கள்! ஒரே முறுக்குப் பொட்டலத்தில் கை விடுகிறார்கள். இந்த அணிக்காரர் அந்த அணிக்காரர் தோளில் சாய்ந்து தூங்குகிறார். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் எதிரணிதான் பனங்கற்கண்டை நீட்டுகிறது.

"இதை எழுதலாமா ஐயா?" என்று நடுவரைக் கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க தம்பி. ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி உக்காந்து கைதட்டுறாங்க, அது அவங்க பெருந்தன்மை" என்றார்.

தீபாவளி, பொங்கல் என்றால் சாலமன் பாப்பையா தீர்ப்புச் சொல்லி முடிக்காமல் எங்கள் வீட்டில் இலை விழாது. அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு பட்டிமன்றக் குழுவின் வேனில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தால் சும்மா இருப்பேனா? மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து ஒத்தக்கடை தாண்டும்வரை வாயை மூடவில்லை. இவ்வளவு பாயிண்ட் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, மறந்து போனால் என்ன செய்வீர்கள் என்று குடைந்துகொண்டே வந்தேன்.

பின் சீட்டில் ஒரு அக்கா. கல்லூரிப் பேராசிரியர். அன்றைக்குக் கடன் அணியில் இரண்டாவதாகப் பேசப் போகிறவர். கடைசியில் அவர்தான் பொறுக்க முடியாமல் வாய் திறந்தார். "பாயிண்ட் எல்லார்கிட்டயும் இருக்கு தம்பி. டீக்கடையில அஞ்சு நிமிசம் நின்னா பத்துப் பாயிண்ட் காதுல விழும். எதை முன்னாடி வைக்கிறது, எதைப் பின்னாடி வைக்கிறது, அதுலதான் உசிரு போகுது."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தார். அட்டைகள். சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். தங்க எழுத்தில் "நல்லாசியுடன்" என்று இருந்தது, பக்கத்தில் ஒரு பிள்ளையாரின் பாதித் தும்பிக்கை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வைத்திருக்கிறார்! பின்பக்க வெள்ளையில் நீல மையில் ஒரே ஒரு சொல்: அடகு.

"பேப்பர்னா கை நடுங்குறது கடைசி வரிசைக்குத் தெரியும். இது தடியா இருக்கும், நடுங்காது. அதோட வீட்ல குவியுது, தூக்கிப் போடவும் மனசு வராது."

ஒரு அட்டைக்கு ஒரு சொல்தான். வாக்கியம் எழுதினால் கண் அதையே பிடித்துத் தொங்குமாம், முன்னால் இருக்கிற ஆட்களைப் பார்க்காதாம்.

அன்றைய தலைப்பு இது: குடும்ப நிம்மதியைப் பெரிதும் கெடுப்பது கடனா, கைப்பேசியா? போகிற இடம் திருப்பத்தூர் தாண்டி ஒரு கோயில் திருவிழா. ஆளுக்கு எட்டு நிமிடம். அக்காவின் கையில் ஆறு அட்டைகள். மளிகை நோட்டு, அடகு, கல்விக்கடன், கந்துவட்டி, குழுக்கடன், செயலி. நடுவரின் சூட்கேஸை மடியில் போட்டு, அதன் மேல் ரம்மி ஆடுகிற மாதிரி விரித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

முதலில் கால வரிசை. பிரசவச் செலவுக்கு வாங்கிய கடனில் மனிதன் பிறக்கிறான், கல்விக்கடனில் படிக்கிறான், கல்யாணக் கடனில் மாலை மாற்றுகிறான், வீட்டுக் கடனில் கிழவனாகிறான், கருமாதிக்கும் கடன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணம் வந்ததுமே ஜனத்துக்குச் சாவு தெரிஞ்சு போயிரும். நமக்கு முன்னாடி அவங்க போய்ச் சேந்து அங்க நின்னுக்கிட்டுக் கொட்டாவி விடுவாங்க." அட்டைகளைக் கலைத்தார்.

அடுத்து இட வரிசை. வீட்டு வாசலில் ஆரம்பித்துத் தெருவில் நடப்பது. முதலில் அண்ணாச்சி கடை, அங்கே மளிகை நோட்டு. இரண்டு வீடு தள்ளி அடகுக் கடை. மூலையில் வங்கி, கல்விக்கடன். திரும்பி வந்தால் அரசமரத்தடியில் குழுக்கூட்டம். இதில் ஒரு வசதி, அட்டையே வேண்டாம். மனசுக்குள் அந்தத் தெருவில் நடந்தால் போதும், ஒவ்வொரு கடையும் தன் பாயிண்ட்டைக் கையில் கொடுக்கும். ரோமாபுரியில் சிசரோவே இந்த வித்தையை எழுதி வைத்திருக்கிறார் என்றார் அக்கா. சைமோனிடீஸ் என்ற கிரேக்கக் கவிஞர் விருந்து மண்டபத்திலிருந்து வெளியே வந்த நேரம் கூரை இடிந்து விழுந்ததாம். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைவை வைத்தே உடல்களை அவர் அடையாளம் காட்டினாராம். இடம் நினைவிருந்தால் ஆள் நினைவிருக்கும், பொருளும் நினைவிருக்கும். "இப்படி ஒரு கோரமான கதையிலேர்ந்தா நம்ம பொழப்பு வந்துச்சு" என்று முன் சீட்டில் யாரோ முனகினார்கள்.

நானும் என் பங்குக்கு அவிழ்த்துவிட்டேன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்ரோ என்ற பேராசிரியர் 1930-களில் ஐந்து படி சொல்லியிருக்கிறார். முதலில் கவனத்தை இழுக்க வேண்டும். பிறகு ஒரு குறையை உணர்த்த வேண்டும். அதற்கு வழி சொல்ல வேண்டும். அந்த வழியில் போனால் எப்படி இருக்கும் என்று கண்ணில் காட்ட வேண்டும். கடைசியில் "இப்போதே செய்யுங்கள்" என்று தூண்ட வேண்டும். நான் முடித்ததும் நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதத்தான் நம்ம பெரியார் பஸ் ஸ்டாண்டுல லேகியம் விக்கிறவர் செய்றாரு" என்றார்.

வேன் குலுங்கியது, சிரிப்பில். யோசித்துப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது! பாம்பைக் காட்டுகிறேன் என்று கூட்டம் சேர்ப்பார், பாம்பு கடைசிவரை பெட்டியை விட்டு வராது. இடுப்பு வலிக்குதா, மூட்டு பிடிக்குதா என்பார். டப்பாவைத் தூக்கிக் காட்டுவார். இதைத் தின்ற கிழவர் அழகர்மலை ஏறிய கதை வரும். முதலில் வரும் பத்துப் பேருக்குப் பாதி விலை என்பதில் முடியும். மன்ரோ மதுரைக்கு வந்திருந்தால் அசந்து போயிருப்பார்.

ஆனால் பட்டிமன்றத்துக்கு அது உதவாது என்றார்கள். தீர்வு சொல்கிற வேலை பேச்சாளருடையது இல்லையாம். அக்கா வழி சொல்லிவிட்டால் நடுவர் கடைசியில் எழுந்து எதைச் சொல்லுவார்? இதே கடன் விஷயத்தை மகளிர் குழுப் பயிற்சியில் பேசக் கூப்பிட்டால் அக்கா பிரச்சினை, தீர்வு என்று இரண்டே பாகமாக வைத்துக்கொள்வாராம். "அங்க சிரிக்க வர மாட்டாங்க, பேனாவோட வருவாங்க."

கீழவளவு தாண்டும்போது விவகாரம் சூடு பிடித்தது. வலுவான பாயிண்ட்டை எங்கே வைப்பது? இளந்தம்பி ஒருவர், கைப்பேசி அணி, கையில் கைப்பேசியோடேயே இருந்தவர், முதலிலேயே போட்டு அடிக்க வேண்டும் என்றார். அவருடைய அணித் தலைவர், கடைசியில் வைத்தால்தான் வீட்டுக்குப் போகிற வழியில் பேசுவார்கள் என்றார். நான் நெஸ்டரைக் கொண்டுவந்தேன். ஹோமரின் இலியட்டில் ஒரு கிழட்டுத் தளபதி. தேர்ப்படையை முன்னால் நிறுத்துவார், தேறிய காலாட்களைப் பின்னால் நிறுத்துவார், கோழைகளை நடுவில் தள்ளிவிடுவார். ஓடவும் முடியாது, சண்டை போட்டே ஆக வேண்டும். முதல் நூற்றாண்டு ரோம ஆசிரியர் குவின்டிலியன் பேச்சையும் அப்படி அடுக்கலாம் என்று ஹோமர் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார். பலவீனமான பாயிண்ட்டை நடுவில் ஒளித்து வை!

"கந்துவட்டி எனக்கு அந்தக் கோழை" என்றார் அக்கா உடனே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருப்பதிலேயே காரமான பாயிண்ட் அதுதானே? அதீத வட்டிக்குத் தடை போட்டு 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது.

"காரம்தான். ஆனா முன்வரிசையில யாரு உக்காந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா? மைக் செட் உபயமே அவரா இருந்தா? முதல்ல வச்சா ஜனம் என்னைப் பாக்காது, அவரைப் பாக்கும். அப்புறம் ஏழு நிமிசமும் அவர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும். நடுவுல வச்சு, ஒரே வரியில சொல்லிட்டு, அடுத்த கடைக்கு நடந்துரணும்."

கந்துவட்டி அட்டை மூன்றாவது இடத்துக்குப் போனது. அவையறிதல் என்று திருவள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கினார். மைக் செட் உபயதாரரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவருக்கு ஹோமர் பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது. "கிரேக்கம் வரைக்கும் எதுக்குப் போறீங்க?" என்று திரும்பி உட்கார்ந்தார். சொல்வன்மை அதிகாரத்தில், கருத்துகளை நிரல்படக் கோத்து இனிமையாகச் சொல்கிறவர் கிடைத்தால் உலகம் விரைந்து கேட்கும் என்று வள்ளுவர் சொன்னதை எடுத்தார். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குப் பத்து அழகு சொன்னபோது முறையின் வைப்பையும் ஓர் அழகாக வைத்ததைச் சொன்னார். பத்துக் குற்றங்களுக்கு வந்தபோது குரலே மாறிவிட்டது. மற்றொன்று விரித்தல் என்று சொல்லி இளந்தம்பியைப் பார்த்தார். கூறியது கூறல் என்று சொல்லி ஓட்டுநரைப் பார்த்தார். அவர் பாவம், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார். "அப்புறம் ஒண்ணு இருக்கு, சென்று தேய்ந்து இறுதல். என்னா சொல்லு பாருங்க! நல்லா ஆரம்பிச்சு, போகப் போகத் தேஞ்சு, மைக்கு முன்னாலயே செத்துப் போறது. நான் மணி அடிக்கிறதே அந்தச் சாவைப் பாக்க முடியாமத்தான்."

எடுப்பு, தொடுப்பு, முடிப்பு. இசையில் பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்குச் சொல்கிற அதே மூன்று சொற்களைத்தான் இவர்களும் சொல்கிறார்கள். தொடுப்பு என்றால் பூத்தொடுப்பதுதான். பூ எதுவானாலும் நார் ஒன்றாக இருக்க வேண்டும். அக்காவின் நார், அந்தத் தெரு.

இளந்தம்பி தன் யூடியூப் ஞானத்தை இறக்கினார். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவகம், மார்ட்டின் லூதர் கிங். எழுதிக் கொண்டுவந்த உரையில் கனவு பற்றிய பகுதியே கிடையாது. பேச்சின் கடைசிக் கட்டத்தில், பக்கத்தில் இருந்த பாடகி மஹேலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டார், கனவைப் பிடித்தார். "அதுக்கு முன்னாடி என்ன பேசிக்கிட்டிருந்தார் தெரியுமாக்கா? செக். அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த செக்கு பணமில்லாம திரும்பி வந்துருச்சுன்னு பேசினார்."

"அடப்பாவி, அவர் எங்க அணிப்பா!" என்று அக்கா கத்தினார். "முதல் பாயிண்ட்டே கடன்!"

இனி அந்தப் பேரத்தைச் சொல்லியாக வேண்டும். இதற்காகவே இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதலாம். செயலி என்ற ஒற்றை அட்டைக்கு இரண்டு அணியும் சொந்தம் கொண்டாடின. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் கடன் தருகிற செயலி. அது கடனின் குற்றமா, கைப்பேசியின் குற்றமா? கைப்பேசி இல்லாவிட்டால் அந்தக் கடனே இல்லை என்பது இளந்தம்பி. கைப்பேசியே தவணையில் வாங்கியதுதானே என்பது அக்கா. இந்தச் சண்டை மேடையில் நடப்பதாக நினைத்தீர்களா? திருப்பத்தூர் டீக்கடையில், உளுந்து வடையைப் பிய்த்துக்கொண்டே நடந்தது! கடைசியில் ஒப்பந்தம். செயலியைத் தம்பி முதலில் எடுக்கட்டும். அக்கா அடுத்துப் பேசுவதால் அதைப் பிடித்துத் திருப்பி அடிக்கட்டும். பதிலுக்குத் தம்பி தவணை பாயிண்ட்டைத் தொடக்கூடாது. வடைக்குக் காசு கொடுத்தது தம்பி.

இறுதி வரிசை முடிவாயிற்று. மளிகை நோட்டில் சிரிக்க வைத்து ஆரம்பம். அடகு. கந்துவட்டி, ஒரே வரி. கல்விக்கடன். செயலிக்குப் பதிலடி. முடிப்புக்குக் குழுக்கடன், ஏனென்றால் முன்னால் பாயில் உட்காரப் போவது பெண்கள், வாரத் தவணையின் வலி அவர்களுக்குத்தான் தெரியும். ரப்பர் பேண்ட் விழுந்தது. நான் சொத்துப் பத்திரம் பதிவானது போல நிம்மதியானேன்.

ஒன்பது மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். சாமி புறப்பாடு முடிந்து சப்பரம் நிலைக்கு வர பத்தே கால். வழியில் நடுவர் காரைக்குடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார், 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், பக்கத்திலேயே குன்றக்குடி, அடிகளார் நடுவராக உட்கார்ந்து பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மண், இங்கே நிற்பதற்கே கால் கூசும் என்று. அதே மனிதர், மேடை ஏறியதும் முதல் மூன்று நிமிடத்தில் என்ன செய்தார் தெரியுமா?

"ஒரு வீட்ல ரெண்டு நோட்டு இருக்குங்க. பிள்ளையோட நோட்டு, மளிகைக் கடை நோட்டு. பிள்ளை நோட்டுல ஒண்ணுமே இருக்காது. மளிகை நோட்டுல இடமே இருக்காது!"

கூட்டம் அதிர்ந்தது. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது அக்காவின் எடுப்பு! வேனில் சூட்கேஸ் மேல் பார்த்தாரே, அப்படியே வாய்தவறி முன்னுரைக்குள் போட்டுவிட்டார்! அக்காவைப் பார்த்தேன். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு விரல் மட்டும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டு இழுத்து விட்டு இருந்தது.

இன்னொரு இடியும் வந்தது. அவர் முறை வரும்போது மணி பதினொன்றே கால். இளந்தம்பி செயலியை வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்த அந்த நேரம், முன்னால் இருந்த பெண்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். தோளில் தூங்குகிற பிள்ளைகள், காலையில் வேலை. குழுக்கடனைக் கடைசியில் வைத்தால் கேட்பதற்கு அவர்கள் இருக்க மாட்டார்கள்.

நாற்காலியிலிருந்து மைக்குக்கு நாலே எட்டு. அந்த நாலு எட்டில், முந்தானைக்குப் பின்னால், அடியில் இருந்த அட்டை மேலே வந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

வணக்கம்கூட நீட்டவில்லை. "எந்திரிச்சுப் போற அக்காமாரே, ஒரு நிமிசம். நாளைக்கு என்ன கிழமை? தவணைக் கிழமைதானே?"

பாய்கள் அப்படியே நின்றன. ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் நேற்றுவரை சேர்ந்து தண்ணீருக்குப் போனவள் இன்று தெருவில் முகம் திருப்புகிறாள் என்று அக்கா சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து தெருவில் பின்னோக்கி நடந்தார். அரசமரத்தடியிலிருந்து வங்கி. கந்துவட்டி ஒரு வரியில் பறந்தது. (முன்வரிசையில் யாரும் நெளியவில்லை. நான் கவனித்தேன்.) அடகுக் கடை. செயலியைத் தம்பி பக்கம் திருப்பி, "அந்தப் போனுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி தம்பி?" என்றபோது அவரே எழுந்து நின்று கும்பிட்டார்.

ஏழு நிமிடம் ஆயிற்று. என் தவிப்பு எனக்கு. முடிப்பை முதலிலேயே செலவழித்தாயிற்றே, இனி எதைக் கொண்டு முடிப்பார்? சென்று தேயப் போகிறாரா? நடுவரின் கை மணிக்குப் போனது.

"நடுவர் அவர்களே, ஆரம்பத்துல ஒரு மளிகை நோட்டைக் காட்டினீங்க. இடமே இல்லைன்னு சொன்னீங்க. கடைசிப் பக்கத்தை நீங்க பாக்கல. அங்க கொஞ்சம் இடம் இருந்துச்சு. அந்த வீட்டுப் பிள்ளை அதுல வகுத்தல் கணக்குப் போட்டுப் பாத்திருக்கான். பாக்கி இருபத்து நாலாயிரம். அப்பா மாசம் கட்டுறது ஐந்நூறு. நாப்பத்தெட்டு மாசம்னு விடை எழுதியிருக்கான். கணக்குச் சரிங்கய்யா. பிள்ளைக்குப் பதினோரு வயசு."

உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும். பிறகு வந்த கைதட்டலில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த தட்டி ஆடியது. நடுவர் மணியை அடிக்கவே இல்லை, அதைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

தீர்ப்பு என்னவோ கைப்பேசிக்குத்தான் போனது. அதைப் பற்றி வேனில் ஒரு ஜீவனும் பேசவில்லை. மணி ஒன்றரை. விழாக் குழுவினர் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. "அந்த நோட்டு மேட்டரை நான் வேணும்னு எடுக்கலம்மா" என்று நடுவர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். கூறியது கூறல். அக்கா, "நீங்க எடுக்கலைன்னா எனக்கு முடிப்பே கிடைச்சிருக்காதுங்கய்யா" என்றார்.

அந்த வகுத்தல் கணக்கு எப்போது யோசித்தது என்று கேட்டேன். நாற்காலியில் இருக்கும்போதா, நடக்கும்போதா?

பதில் சொல்வதற்குள் அவருக்குக் கைப்பேசி அடித்தது. நாளைய ஊர் விழாக் குழு. அதே தலைப்பு, அதே ஆறு பேர். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அம்மாவைக் கைப்பேசி அணியில் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"சரிங்க, பேசிரலாம்" என்று வைத்தார். இளந்தம்பியின் தோளைத் தட்டி எழுப்பி, "டேய், உன் பாயிண்ட்டெல்லாம் எடு" என்றார். சூட்கேஸ் மறுபடி மடிக்கு வந்தது. கைப்பையிலிருந்து இன்னொரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் வெளியே வந்தன.